சால்மன் மீனைக் காப்பாற்ற நீர்க்காகத்தைச் சுடலாமா? கொலம்பியா ஆற்றில் நடந்தது என்ன?

பேரங்காடியில் நாம் வாங்கும் சால்மன் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் அதே ஆற்றுக்குத் திரும்பும் காட்டு சால்மனின் கதை வேறு. அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில் அந்த மீன்களின் எண்ணிக்கை பெருமளவு சரிந்துவிட்டது.

மீன்களைக் காப்பாற்ற அங்கு எடுக்கப்பட்ட முயற்சிகளில் ஒன்று பெரிய சர்ச்சையானது. மீனைத் தின்னும் பறவைகளை விரட்டினார்கள், இடம் மாற்றினார்கள், கடைசியில் ஆயிரக்கணக்கில் சுட்டும் தள்ளினார்கள்.

பலன் கிடைத்ததா? கொஞ்சம் கிடைத்தது. சில இடங்களில் நிலைமை முன்பைவிட மோசமானது. ஏன்? பார்ப்போம்.

முதலில் சுருக்கமாக:

- கொலம்பியா ஆற்றுப் படுகையில் சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களின் 13 பிரிவுகள் அருகிவரும் இனங்களுக்கான சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுகின்றன.
- கடலுக்குப் புறப்படும் இளம் மீன்களை ஆலாக்களும் நீர்க்காகங்களும் மில்லியன் கணக்கில் தின்கின்றன.
- அந்தப் பறவைகளும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை.
- பறவைகள் கூடுகட்டிய தீவுகளில் சில, மனிதர்கள் கொட்டிய மணலால் உருவானவை.

ஆற்றில் மீன் ஏன் குறைந்தது?

கொலம்பியா ஆறு கனடாவில் பிறந்து, வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களுக்கு இடையே ஓடி, பசிபிக் பெருங்கடலில் சேர்கிறது. நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். வெள்ளையர் குடியேறுவதற்கு முன்பு ஆண்டுக்கு 10 முதல் 16 மில்லியன் சால்மன்கள் அந்த ஆற்றுக்குத் திரும்பியிருக்கும் என்பது மதிப்பீடு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீனை டின்னில் அடைக்கும் ஆலைகள் வந்தன. அளவுக்குமீறி மீன்பிடித்தார்கள். பிறகு அணைகள் வந்தன. பானவில் அணை 1938இல் திறக்கப்பட்டது. 1941இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிச்செல்ல வழியே வைக்கவில்லை. அதற்கு மேலே உள்ள ஆறு முழுவதும் சால்மனுக்கு அடைபட்டுப்போனது.

1957இல் டாலஸ் அணை கட்டி முடிக்கப்பட்டபோது செலைலோ நீர்வீழ்ச்சி தண்ணீருக்குள் மூழ்கியது. அது பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன்பிடித்து, வணிகம் செய்த இடம். நெஸ் பெர்ஸ், உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், யாக்கமா ஆகிய பழங்குடியினர் 1855இல் அமெரிக்க அரசாங்கத்துடன் செய்த ஒப்பந்தங்களில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் மீன்பிடிக்கும் உரிமையை விடவில்லை. மீனே இல்லையென்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

நிலைமை எவ்வளவு மோசமானது தெரியுமா? கொலம்பியாவின் கிளையாறான ஸ்நேக் ஆற்றின் மேல்பகுதியில் ரெட்ஃபிஷ் ஏரி இருக்கிறது. கடலிலிருந்து ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் தூரம். 1992இல் அந்த ஏரிக்குத் திரும்பிய சாக்கை சால்மன் ஒன்றே ஒன்று. அதற்கு மக்கள் 'லோன்சம் லாரி' என்று பெயர் வைத்தார்கள். 'தனிமையில் வாடும் லாரி' என்று சொல்லலாம்.

இதில் பறவைகள் எங்கே வந்தன?

சால்மன் குஞ்சு நன்னீரில் பொரிக்கிறது. இனத்தைப் பொறுத்து சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆற்றில் வளர்கிறது. பிறகு வசந்தகாலத்தில் கூட்டம் கூட்டமாகக் கடலை நோக்கிப் புறப்படுகிறது. உப்புநீரில் வாழ அதன் உடல் தயாராகும் பருவம் அது.

சரியாக அதே நேரத்தில்தான் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பசித்த வாய்கள் காத்திருக்க, ஆற்றோடு இரை வருகிறது.

முக்கியமான பறவைகள் இரண்டு.

காஸ்பியன் ஆலா: உலகின் ஆகப் பெரிய ஆலா இனம். சிவந்த தடித்த அலகு, கறுப்புத் தலை. மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து, நீர்மட்டத்துக்கு அருகே உள்ள மீனைக் கொத்தும்.

இரட்டைக் கொண்டை நீர்க்காகம்: நீருக்குள் மூழ்கி, மீனைத் துரத்திப் பிடிக்கும். டிடிடி பூச்சிக்கொல்லியால் ஒருகாலத்தில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1972இல் அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகு மீண்டுவந்தது.

இவை ஏன் ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடி வந்தன? கப்பல் செல்லும் வழியை ஆழப்படுத்த ராணுவப் பொறியாளர் படை ஆற்றைத் தூர்வாரும். அள்ளிய மணலை ஆற்றிலேயே ஓரிடத்தில் கொட்டும். அப்படி உருவானதுதான் ரைஸ் தீவு. செடிகொடி இல்லாத வெறும் மணல், சுற்றிலும் தண்ணீர். நரி போன்ற விலங்குகள் வந்து முட்டையைத் தின்னும் பயமும் குறைவு. ஆலாவுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

1984இல் முகத்துவாரத்தில் முதன்முதலாகக் கூடுகட்டிய ஆலாக்கள் சுமார் 1,000 ஜோடி. 1990களின் இறுதியில் ரைஸ் தீவில் மட்டும் 8,000 ஜோடிக்கும் அதிகம்.

உண்மையிலேயே அவ்வளவு மீனையா தின்றன?

ஆமாம். 1998இல் ரைஸ் தீவின் ஆலாக்கள் ஏறத்தாழ 12.4 மில்லியன் இளம் சால்மன்களைத் தின்றதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். முகத்துவாரம் வரை உயிரோடு வந்த இளம் மீன்களில் அது ஏறக்குறைய 13 விழுக்காடு.

இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இரண்டு வழிகள்.

ஒன்று, பறவை அலகில் என்ன மீனைக் கொண்டுவருகிறது என்று பார்ப்பது. ஆலா தன் துணைக்கும் குஞ்சுக்கும் முழு மீனாகவே கவ்விக்கொண்டு வரும். மறைவிடத்திலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். பறவைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சக்தி தேவை என்பதை வைத்து மொத்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

இன்னொன்று, நுண்சில்லு. அரிசி மணி அளவிலான சில்லை ஆண்டுதோறும் ஏராளமான இளம் மீன்களின் உடலுக்குள் செலுத்துகிறார்கள். மீன் எந்த அணையை எப்போது கடந்தது என்பதை அறிவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பறவை அந்த மீனைத் தின்றால் சில்லு எச்சத்தோடு தீவில் விழும். பறவைகள் கிளம்பிய பிறகு ஆய்வாளர்கள் கருவியோடு மணலைத் துழாவுவார்கள். எந்த ஆற்றில் புறப்பட்ட மீன் எந்தத் தீவில் முடிந்தது என்பது ஒவ்வொரு சில்லிலிருந்தும் தெரிந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. எல்லா மீனும் ஒரே அளவில் மாட்டுவதில்லை. நீர்மட்டத்துக்கு அருகே நீந்தும் ஸ்டீல்ஹெட் மீன்தான் ஆலாவிடம் அதிகம் சிக்குகிறது. பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடப்படும் மீன்களும் எளிதில் மாட்டுகின்றன. மேலிருந்து தூவும் தீனிக்குப் பழகிய மீன் மேல்மட்டத்திலேயே சுற்றினால் வேறென்ன ஆகும்?

முதல் முயற்சி: சுடாமல் இடம் மாற்றியது

ரைஸ் தீவு கடலிலிருந்து 34 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே தண்ணீர் நன்னீர். பறவைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சால்மன்தான். கடலுக்கு அருகே இருக்கும் கிழக்கு மணல் தீவுக்குப் பறவைகளை நகர்த்தினால், நெத்திலி, ஹெரிங் போன்ற கடல் மீன்களும் கிடைக்குமே? சால்மனைத் தின்பது குறையுமே?

இந்த யோசனையை 1999இல் செயல்படுத்தத் தொடங்கினார்கள்.

- ரைஸ் தீவில் புல் விதைத்து, தடுப்புத் துணிகளைக் கட்டி, வெறும் மணற்பரப்பு இல்லாமல் செய்தார்கள்.
- கிழக்கு மணல் தீவில் செடிகளை நீக்கி, மணற்பரப்பை உருவாக்கினார்கள்.
- அங்கே மரத்தில் செய்தவை போன்ற பொம்மை ஆலாக்களை வைத்து, ஆலாக்களின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள்.

பொம்மையைப் பார்த்துப் பறவை ஏமாறுமா என்று கேட்கலாம். ஏமாறும்! கூட்டமாக வாழும் பறவைகள், ஏற்கெனவே தங்கள் இனம் இருக்கும் இடத்தைப் பாதுகாப்பானது என்று நம்புகின்றன. 1970களில் மெய்ன் மாநிலத்தில் பஃபின் பறவைகளை மீண்டும் வரவழைக்க ஸ்டீவன் கிரெஸ் என்ற பறவை ஆய்வாளர் பொம்மைகளைப் பயன்படுத்தி வெற்றிகண்டார். அதே வித்தை இங்கும் பலித்தது.

2001க்குள் ஏறக்குறைய எல்லா ஆலாக்களும் 26 கிலோமீட்டர் தள்ளி, புதிய தீவுக்கு வந்துவிட்டன. பலன் உடனே தெரிந்தது. 2000இல் ரைஸ் தீவில் எஞ்சியிருந்த ஆலாக்களின் உணவில் 90 விழுக்காடு சால்மன் இனங்கள். கிழக்கு மணல் தீவில் அது 47 விழுக்காடு. அடுத்த ஆண்டு 33 விழுக்காடு. தின்னப்பட்ட இளம் மீன்களின் எண்ணிக்கை சுமார் 6 மில்லியனுக்கு, அதாவது பாதிக்கும் கீழே இறங்கியது.

ஒரு பறவையைக்கூடக் கொல்லவில்லை. இந்தக் கதையில் ஆகத் தெளிவான வெற்றி இதுதான்.

அடுத்த கட்டம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. அத்தனை ஆலாக்களும் ஒரே தீவில் இருப்பது பறவைகளுக்கும் ஆபத்து. ஒரு நோயோ புயலோ வந்தால் போதும். பறவைநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, சமரசம் ஏற்பட்டது. அதன்படி ஆரிகனின் உட்பகுதி ஏரிகளிலும் கலிஃபோர்னியாவிலும் ஆலாக்களுக்காகச் சிறு தீவுகளை அமைத்தார்கள். கிழக்கு மணல் தீவில் கூடுகட்டும் இடத்தைப் படிப்படியாக ஓர் ஏக்கருக்குக் குறைத்தார்கள்.

ஆலாக்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் புதிய தீவுகளில் சில, வறட்சியில் ஏரி வற்றியதால் பயனில்லாமல் போயின. தண்ணீர் வற்றினால் தீவு ஏது?

இரண்டாவது முயற்சி: துப்பாக்கி

ஆலாக்கள் குறைந்துகொண்டிருந்த அதே தீவில் நீர்க்காகங்கள் பெருகின. 1989இல் அங்கிருந்தவை 100 ஜோடிக்கும் குறைவு. 2013இல் ஏறக்குறைய 15,000 ஜோடி. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இரட்டைக் கொண்டை நீர்க்காகங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு அந்த ஒரே தீவில்! சில ஆண்டுகளில் அவை தின்ற இளம் சால்மன்கள் ஆலாக்கள் தின்றதைவிட அதிகம்.

2015இல் ராணுவப் பொறியாளர் படை ஒரு திட்டத்தை அறிவித்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 11,000 நீர்க்காகங்களைச் சுடுவது. ஆயிரக்கணக்கான கூடுகளில் முட்டைகள்மீது சோள எண்ணெய் தெளிப்பது. எண்ணெய் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் அடைபடும். முட்டை பொரிக்காது. பறவையோ அது தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும். சுமார் 5,600 ஜோடிகளுக்குக் குறைப்பது இலக்கு.

போர்ட்லந்தின் ஆடுபான் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கின்போது ஓர் ஆய்வு வெளியே வந்தது. நீர்க்காகங்களைக் கொல்வதால் திரும்பிவரும் ஸ்டீல்ஹெட் மீன்களின் எண்ணிக்கை கூடாது என்பது அதன் முடிவு. அதைச் செய்தவர்கள் சுடுவதற்கு அனுமதி கொடுத்த மீன், வனவிலங்குச் சேவையின் சொந்த ஆய்வாளர்கள்!

2016இல் தீர்ப்பு வந்தது. அணைகளை இயக்கும் முறையை மாற்றுவது போன்ற வேறு வழிகளைப் பொறியாளர் படை முறையாகப் பரிசீலிக்கவில்லை, அது சட்டமீறல் என்றார் நீதிபதி. ஆனால் சுடுவதை நிறுத்த உத்தரவிடவில்லை.

அதற்கு முன்பே, 2016 மே மாதத்தில், யாரும் எதிர்பாராதது நடந்தது. ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுத் தீவைக் காலிசெய்தன. அந்த வட்டாரத்தில் பெருகிவரும் வெண்தலைக் கழுகுகளின் தொல்லையா, துப்பாக்கிச் சத்தமா, இரண்டுமா என்று வாதம் நடந்தது. கழுகுகள் பறவைகளைக் கிளப்பிவிட, ஆளில்லாத கூடுகளில் கடற்காகங்கள் முட்டைகளைத் தின்றன.

அப்போ பறவைகள் எங்கே போயின?

பாலத்துக்கு!

ஆரிகனையும் வாஷிங்டனையும் இணைக்கும் ஆஸ்டோரியா-மெக்லர் பாலம் 1966இல் திறக்கப்பட்டது. சுமார் 6.5 கிலோமீட்டர் நீளம். முன்பு ஒருசில நீர்க்காகங்களே அதன் இரும்புச் சட்டங்களில் கூடுகட்டும். 2020வாக்கில் அங்கே ஏறக்குறைய 5,000 ஜோடிகள் குடியேறியிருந்தன.

இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, பாலம் கடலிலிருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கே கடல் மீன் குறைவு. அதனால் பாலத்தில் வாழும் ஒரு நீர்க்காகம், தீவில் வாழ்ந்த நீர்க்காகத்தைவிட அதிக சால்மனைத் தின்கிறது. ரைஸ் தீவிலிருந்து ஆலாக்களை மாற்றியபோது எந்தக் கணக்கு உதவியதோ, அதே கணக்கு இப்போது தலைகீழானது.

இரண்டாவது, எச்சம். அது பாலத்தின் சாயத்தை அரிக்கிறது, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. சோதனைக்குப் போகும் ஊழியர்களுக்கும் சிரமம். போக்குவரத்து நிறைந்த உயரமான பாலத்தில் பறவைகளைச் சுடவும் முடியாது. தீவுக்கே திருப்பி அனுப்புவது எப்படி என்ற யோசனைதான் மிஞ்சியது.

சுமார் 5,500 நீர்க்காகங்களைச் சுட்ட பிறகு வந்து நின்ற இடம் இது.

பறவை தின்னாவிட்டால் மீன் பிழைக்குமா?

சர்ச்சையின் மையமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, 100 இளம் மீன்கள் கடலுக்குப் போகின்றன. பறவைகள் 10 மீன்களைத் தின்கின்றன. பறவைகளே இல்லையென்றால் அந்த 10 மீன்களும் பெரிதாகித் திரும்பிவருமா?

வராது. கடலில் அவற்றைத் தின்ன வேறு மீன்கள், கடல்நாய்கள், பறவைகள் காத்திருக்கின்றன. பட்டினியும் நோயும் உண்டு. 100 இளம் மீன்களில் சராசரியாக 4 திரும்பினாலே நல்லது என்பதுதான் அந்த வட்டாரத்தின் மீட்புத் திட்டம் வைத்திருக்கும் இலக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால், 10 இளம் மீன்களைக் காப்பாற்றினால் கூடுதலாகத் திரும்புவது அரை மீன்கூட இல்லை.

அதோடு, பறவைகள் பிடிப்பது பெரும்பாலும் நோயுற்ற, காயம்பட்ட மீன்கள் என்றால் அந்த அரை மீனும் கிடைக்காது. அவை எப்படியும் செத்திருக்கும். உடல்நிலை சரியில்லாத மீன்கள் பறவைகளிடம் அதிகம் மாட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வாஷிங்டனின் உட்பகுதி ஏரித் தீவு ஒன்றில் கூடுகட்டிய சில நூறு ஜோடி ஆலாக்களே கொலம்பியாவின் மேல்பகுதி ஸ்டீல்ஹெட் மீன்களில் கணிசமான பங்கைத் தின்றன. அந்த மீன் கூட்டத்தைப் பொறுத்தவரை ஆலாவால் ஏற்படும் இழப்பு உண்மையான, கூடுதல் இழப்பு என்று சில ஆய்வாளர்கள் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். வேறு தரவுகளை வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அப்படித் தெரியவில்லை.

ஆகவே, "பறவையால் மீன் அழிகிறது" என்பதும் "பறவையால் பாதிப்பே இல்லை" என்பதும் இரண்டுமே முழு உண்மை இல்லை. எந்த மீன், எந்தப் பறவை, எந்த இடம் என்பதைப் பொறுத்தது.

சுடுவதைத் தவிர வேறு என்ன செய்கிறார்கள்?

- அணைகளுக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கம்பிகளைக் கட்டுகிறார்கள். அணையைக் கடந்த மீன் தலைசுற்றிக் கிடக்கும் இடம் அது. கடற்காகங்கள் அங்கே இறங்க முடியாமல் கம்பிகள் தடுக்கின்றன.
- பறவைகள் குவியும் இடங்களில் வெடிச்சத்தம் எழுப்பியும் ஆளனுப்பியும் விரட்டுகிறார்கள்.
- ஆலாக்கள் விரும்பும் வெற்று மண்ணில் செடிகளை நடுகிறார்கள். கிரசன்ட் தீவில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அங்கிருந்த ஆலாக்கள் பிலாலாக் தீவுகளுக்குப் போய்விட்டன.
- பிலாலாக் தீவுகளில் கூடுகட்டும் பருவத்தில் அணையின் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி, கூடுகட்டும் இடத்தை நீரில் மூழ்கடிக்கிறார்கள்.

பறவைகளோடு இது முடியவில்லை. இளம் சால்மனைத் தின்னும் பைக்மினோ மீனைப் பிடித்துக்கொடுக்கும் தூண்டில்காரர்களுக்கு 1990களிலிருந்து வெகுமதி தருகிறார்கள். வளர்ந்த சால்மனை அணைக்கட்டில் மடக்கித் தின்னும் கடற்சிங்கங்களைக் கொல்ல 2018இல் ஒரு சட்டமே நிறைவேறியது.

அப்படியானால் அணைகள்?

பறவைநல ஆர்வலர்கள் கேட்பதும் அதைத்தான். ஸ்நேக் ஆற்றில் பிறக்கும் மீன் கடலுக்குப் போக 8 அணைகளைத் தாண்டவேண்டும். ஓடும் ஆறு தேங்கிய நீர்த்தேக்கமாகிறது. பயணம் நீள்கிறது, தண்ணீர் சூடாகிறது, மீன் களைத்துப்போகிறது. களைத்த மீன் பறவைக்கு எளிய இரை. "அணையை விட்டுவிட்டுப் பறவையைக் குறைசொல்வது என்ன நியாயம்?" என்பது அவர்களின் வாதம்.

அணைத் தரப்பிலும் பதில் உண்டு. மின்சாரம், பாசனம், கோதுமை ஏற்றிச்செல்லும் படகுகள் எல்லாம் அணைகளை நம்பியிருக்கின்றன. மீன் கடந்துசெல்லும் வழிகளுக்குப் பெருந்தொகை செலவிடப்பட்டுள்ளது. இளம் மீன்களைப் படகுகளில் ஏற்றி, அணைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது.

பூர்வகுடியினரின் நிலை எளிதானதல்ல. அணைகளை எதிர்ப்பவர்களில் அவர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். அதேநேரம், அணைகள் இருக்கும்வரை பறவைகளையும் கடற்சிங்கங்களையும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்றும் பலர் கருதுகிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் மீனுக்கு ஒவ்வொரு குஞ்சும் முக்கியம் இல்லையா?

ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள 4 அணைகளை உடைக்கலாமா என்ற விவாதம் பல்லாண்டாக நடக்கிறது. 2023 டிசம்பரில் பைடன் அரசாங்கம் பழங்குடியினருடனும் இரு மாநிலங்களுடனும் மீன் மீட்புக்கான உடன்பாட்டைச் செய்தது. 2025 ஜூனில் அதிபர் டிரம்ப் அதிலிருந்து விலகினார். விவாதம் மீண்டும் நீதிமன்றத்தை நோக்கித் திரும்பியது.

இந்த அனுபவம் சொல்வது என்ன?

- பறவைக்குக் கூடுகட்ட இடம் வேண்டும். ஓரிடத்தில் விரட்டினால் அடுத்த இடத்துக்குப் போகும். போகும் இடம் நல்லதா கெட்டதா என்பதை விரட்டும் முன்பே யோசிக்கவேண்டும்.
- தின்னப்பட்ட மீன்களை மட்டும் எண்ணினால் போதாது. கூடுதலாக எத்தனை மீன் திரும்பிவந்தது என்பதே சரியான அளவுகோல்.
- ஆகச் சிறந்த பலன் தந்தது துப்பாக்கி இல்லை. கடலுக்கு அருகே ஒரு மணல்மேடு, சில பொம்மைகள், ஓர் ஒலிபெருக்கி.
- சட்டம் காக்கும் ஓர் உயிரைக் காப்பாற்ற, சட்டம் காக்கும் இன்னோர் உயிரைக் கொல்வதென்றால் ஆதாரம் வலுவாக இருக்கவேண்டும். அது இல்லாததால்தான் கொலம்பியாவில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

ஆலாவும் நீர்க்காகமும் சால்மனும் அந்த ஆற்றில் மிக நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்தவை. மில்லியன் கணக்கில் மீன் திரும்பிய காலத்தில் பறவை தின்றதை யாரும் கணக்கெடுக்கவில்லை. மீன் அருகிப்போன பிறகுதான் ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்க்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.